நாலு மணிக்குக் காணாமல் போகும் பட்டாணி

பட்டாணிக்குப் பத்து வயது. பிறந்தபோது அவ்வளவு குட்டியாக இருந்தாளாம், அதனால் அந்தச் செல்லப்பெயர். பள்ளி விட்டு வந்தால் ஏழு மணி வரை வீட்டில் அவள் ஒருத்திதான். அம்மாவுக்கு மருந்துக் கிடங்கில் வேலை. கூடத்தில் மாட்டியிருக்கும் கேமரா வழியாக, தன் ஃபோனில் மகளை அடிக்கடி பார்த்துக்கொள்வாள்.

அந்தக் கேமராவுக்கு ஒரு வாரமாக என்ன கேடு வந்ததோ தெரியவில்லை. நாலு மணி ஆனால் போதும், படம் பொசுக்கென்று போய்விடும். அம்மா வீடு திரும்புவதற்குள் சமர்த்தாக வந்துவிடும்!

கேமராக்காரர் இரண்டு முறை வந்தார். ஆள் வருகிறாரே என்று அம்மா வீட்டை ஒழுங்குபடுத்தி, அறைக் கதவுகளையெல்லாம் சாத்தி வைத்தாள். அவர் அடாப்டரை மாற்றினார், பெட்டியைத் தட்டினார். படம் ஜோராகத் தெரிந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. படம் போறப்ப வீட்டுல என்ன நடக்குதுன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா மகளிடம் திரும்பினாள். "நாளைக்கும் போச்சுன்னா உன்னைப் பெரியம்மா வீட்டுல விட்டுடுவேன். அங்கயே படி. எனக்கு வேலையே ஓட மாட்டேங்குதுடி."

பெரியம்மா வீடு வேறு ஊரில் இருந்தது. அப்புறம் அம்மாவை மாதத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும்.

மறுநாள் நாலு மணி. வீட்டு ஃபோன் அலறியது.

"போச்சுடி!"

"வைக்காதம்மா! வந்ததுலேருந்து நான் செஞ்சதையெல்லாம் மாத்திச் செய்யறேன். படம் வந்தா சொல்லு."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கழற்றிய ஷூவை மாட்டினாள். "வரலை." பையைத் தோளில் போட்டாள். "வரலை." குடித்த தண்ணீரை என்ன செய்வது? அதை விட்டுவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதைச் செய்ய அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

படுக்கையறைக் கதவைச் சாத்தினாள்.

"ஏய், வந்துடுச்சு!"

திறந்தாள். "போச்சு!"

கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கூடத்திலிருந்து அங்கே வரும் கேமரா வயரின் இணைப்பு, சுவர் ஆணியிலிருந்து நழுவித் தொங்கியது. கதவை அகலமாகத் திறந்தால் அது சுவரோடு சேர்ந்து நசுங்கியது.

"கதவை ஏன்டி அப்படி முழுசாத் திறக்கற?"

பட்டாணி கதவின் பிடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"சொல்லுடி."

"மூடியிருந்தா உள்ள யாரோ இருக்கற மாதிரி இருக்கும்மா. அதான் எல்லாக் கதவையும் திறந்துடுவேன். நீ வர்றதுக்கு முன்னாடி சாத்திடுவேன். பயப்படறேன்னு தெரிஞ்சா என்னை அனுப்பிடுவேல்ல?"

ஃபோனில், அம்மா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

பட்டாணி மறுபடி ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டிக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். கதவு அதற்கு மேல் போகவில்லை, வயரும் நசுங்கவில்லை.

"இப்ப தெரியறேனா?"

"தெரியற."

"என்னை அனுப்பிடுவியா?"

"எங்கடி அனுப்பறது?" என்றாள் அம்மா. "நானும் இங்க தனியாத்தான் இருக்கேன், சுத்தி வெறும் பெட்டிங்க. உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் பொழுது போகுது எனக்கு."

பட்டாணிக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. கேமராவுக்கு நேராக உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைப் பிரித்தாள்.

"ஃபோனை வைக்கட்டுமாம்மா?"

"வேண்டாம், இருக்கட்டும்."

அம்மா அங்கே பெட்டிகளை அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டபடியே பட்டாணி வீட்டுப்பாடம் முழுவதையும் எழுதி முடித்தாள்.