தேயாத செருப்பு

தன் மனைவியின் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்த கடைக்காரர், நம்பிக்கை வராமல் சன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்தார். அவளுக்கு முழங்கால் ஆப்பரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று வாங்கிய ஜோடி. அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இப்போது மழைக்காலமே வந்துவிட்டது. தினமும் காலையில் சந்தைக்கும் மாலையில் பூங்காவுக்கும் அவள் இதில்தான் நடக்கிறாள். ஆனால் அடியில் ஒரு வரிகூட மழுங்கவில்லை. குதிகாலுக்குக் கீழே ஒட்டியிருந்த அளவுச் சீட்டு அப்படியே பளபளத்தது.

ஆயுள் முழுக்கச் செருப்புக்கடை வைத்திருந்தவர் அவர். ஆளைப் பார்க்காமல் அடியைப் பார்த்தே இவர் அவசரக்காரர், இவருக்கு இடுப்புவலி என்று சொல்லிவிடுவார். மனைவியின் இடது கால் கொஞ்சம் குட்டை. முழங்காலும் கெட்டபிறகு அவள் செருப்பின் இடது விளிம்பு கரைந்துகொண்டே இருந்தது. அவர் ரப்பர் ஒட்டி உயர்த்திக்கொண்டே இருந்தார். செருப்புக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டும் காலுக்கு ஒரு ஜோடி ஒழுங்காக அமையவில்லை என்று, வாங்க வந்தவர்கள் முன்னாலேயே அவள் அவர் மானத்தை வாங்குவாள்.

சொந்த ஊரில் அந்தக் காலைச் சரிசெய்யக் கடையோடு வீட்டையும் விற்க வேண்டியிருக்கும். இப்போது வந்திருக்கும் இந்த வெளிநாட்டிலோ, கடையை விற்ற காசில் வைத்தியமும் முடிந்து மிச்சக் காலத்தையும் கௌரவமாக ஓட்டலாம். மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். பாஷை தெரியாத சீமையில் போய்ச் சாகப்போகிறீர்களா என்றான்.

"பொழைக்கப் போறோம்டா," என்றார் இவர்.

அந்த வீம்பில்தான் இன்றுவரை வண்டி ஓடுகிறது. மைத்துனன் போன் செய்யும்போதெல்லாம் அக்கா மான்குட்டி மாதிரி நடக்கிறாள் என்பார். பொய்யில்லை. டக், டக், டக் என்று இரண்டு காலும் ஒரே அளவாக விழும். வலி போனதும் அவள் வாய்த்துடுக்கும் போய்விட்டது. காபியில் சர்க்கரை மறந்தாலும் சிரித்துக்கொண்டே குடிக்கிறாள். நிம்மதி வந்தால் மனுஷி மாறமாட்டாளா என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவள் தூங்கும்போது போர்வைக்குள்ளிருந்து வரும் அந்த ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடைக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

செருப்பைக் கீழே வைத்தார். இதுவரை நினைக்கவே மறுத்திருந்தது அப்போது நினைவில் ஏறியது.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த நாள். அவள் கைத்தாங்கல்கூட இல்லாமல் நிமிர்ந்து நடந்து வந்தாள். அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. அவளுடைய பழைய செருப்பு வார்டிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். நீண்ட தாழ்வாரத்தின் பாதியில், முதுகுக்குப் பின்னால் யாரோ "ஏங்க" என்றார்கள். தமிழ் பேச ஒரு ஜீவன் இல்லாத கட்டடத்தில். பக்கத்தில் வந்தவளைப் பார்த்தார். அவள் வாய் மூடியிருந்தது, சிரிப்போடு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம்தான், ஆனாலும் அறைக்குள் எண்ணெய்ப் பிசுக்குப் போல இருட்டு படிந்துவிட்டது. சமையலறையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியும் கால்களைப் போலவே சீராக. கதவுக்கு வெளியே, ஆள் நடந்தால் தானே எரியும் மாடிப்படி விளக்கு எரிந்தது. கதவின் அடியில் மஞ்சளாக ஒரு கோடு.

கீழே, முதல் படியில், ஒரு சத்தம்.

தப். சர்ர்ர்.

ஒரு கால் ஊன்றி, மற்றது இழுபட்டு வரும் சத்தம். கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் அவருக்கு அடையாளம் தெரியும். அந்த இழுப்பில், அவர் கையால் ஒட்டிய ரப்பர் விளிம்பு சிமெண்டில் உரசியது.

தப். சர்ர்ர்.

கத்தி நின்றது.

"திறக்காதீங்க," என்றது சமையலறை. அன்பான குரல். கொஞ்சம்கூடக் கோபமில்லை.

அவர் ஓடி ஒளிய இடமிருந்தால் ஓடியிருப்பார். ஆனாலும் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். அவளை நடக்கவைக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது. அவள் நடந்து வருகிறாள். இனி எவன் சொல்லை, எவள் சொல்லைக் கேட்க வேண்டும்?

தப். கதவுக்கு நேர் வெளியே. மூச்சு வாங்கும் ஒலி. பிறகு அந்தக் குரல், மழையில் ஊறிக் கனத்துப்போன குரல்.

"எவ்வளவு நேரமா ஏறி வர்றேன். காது போச்சா உங்களுக்கு? கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்களா?"

இத்தனை நாளாக ஒரு திட்டுக்கூட வாங்காமல் அவர் எப்படி உயிரோடிருந்தார்?

பின்னால், டக். டக்.

"திறந்தீங்கன்னா, அப்புறம் நான் இருக்க மாட்டேன்," என்றது அன்பான குரல்.

"இருக்காத," என்றார்.

தாழ்ப்பாளை இழுத்தார்.

பச்சை ஆஸ்பத்திரி அங்கி. சொட்டும் தலைமுடி. தேய்ந்த பழைய செருப்பு, இடது பக்கம் சாய்ந்து. நீலம் பாரித்த உதடு. சுவரை ஊன்றியிருந்த கையின் கட்டைவிரலில், கடையில் தோல் வெட்டும் கத்தி பட்ட தழும்பு. கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

ஜில்லென்றிருந்தது. பிணம் வைக்கும் ஐஸ்பெட்டிக்குள் வெகுநாள் கிடந்த குளிர்.

அவருக்குப் புரிந்தது. கையை விடவில்லை.

டக்.

முதுகை ஒட்டி நின்றது. ஸ்பிரிட் வாடை. அவர் தோளில் ஒரு கை விழுந்தது, இளஞ்சூடாக, உயிருள்ள கை. ஓரக்கண்ணில் அதன் கட்டைவிரல் தெரிந்தது. அதே தழும்பு. விரல்கள் சட்டையைத் தாண்டி, தோலைத் தாண்டி, மெல்ல உள்ளே இறங்கத் தொடங்கின.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"உள்ள வா," என்றார் எதிரே நின்றவளிடம்.

யாரும் அசையாததால் படி விளக்கு அணைந்தது. இருட்டில், நிலைப்படியைத் தாண்டி, ஈரமான இடது செருப்பு சர்ரென்று உள்ளே வந்தது.