கழற்றி வைத்த பேட்டரி

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள் ஜாஸ்பின். ஒன்றும் இல்லை. சதுரமான அந்த ஒன்பது வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளும் சுருக்கென்று கடித்திருக்க வேண்டும். நேற்று சாயங்காலம் வாங்கி வந்து இதே அடுப்படியில் நின்று சோதித்தபோது கண்ணில் நீர் வரக் கடித்தது. இப்போது வெறும் தகரச் சுவை. ஒரே இரவில் தீர்ந்திருந்தது. இந்த வாரத்தில் இது ஐந்தாவது.

பேஸ் கிட்டார் படுக்கையறை நிலைக்கு அருகே ஆணியில் தொங்கியது. கறுப்பு உடம்பு, நான்கு தடித்த கம்பிகள், நீண்ட கழுத்தில் விரல் வைக்கும் இடம் காட்ட நான்கு நீல விளக்குப் புள்ளிகள். போன வருடம் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டுக்காக அவள் புருஷன் ஜெயசுந்தர் ஆசைப்பட்டுப் பொருத்தவைத்த விளக்குகள். ஆமத்தூர்த் தெருக்களில் இருட்டுக்குள் அந்த நீலப் புள்ளிகள் முன்னால் போக, பாட்டுக் கோஷ்டி பின்னால் போகும். அப்போது ஜெயசுந்தர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டே வாசிப்பான்.

இப்போது அவன் வாசிப்பதில்லை. தொட மட்டும் செய்கிறான்.

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் அவன் போர்மேன். ஒன்பது வாரத்துக்கு முன்னால், தீபாவளி சீசன் உச்சத்தில், அவனுடைய பொறுப்பிலிருந்த ஒரு ரூம் வெடித்தது. உள்ளே நான்கு பெண்கள். அவன் லோடு ஏற்ற நூறடி தள்ளிப் போயிருந்தான். உடம்பில் ஒரு கீறலில்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து நிலையைத் தாண்டும்போதெல்லாம், உள்ளே போனாலும் வெளியே வந்தாலும், உள்ளங்கையை விரித்து அந்த நான்கு கம்பிகளின் மேல் வைக்கிறான். மூன்று எண்ணும் நேரம். பிறகுதான் அடுத்த அடி.

ஏனென்று அவளுக்குத் தெரியும். பட்டாசு ரூம் வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். வெறும் காலோடு வருகிறவர்கள் அதில் கை வைத்த பிறகே உள்ளே போகலாம். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். இல்லாவிட்டால் விரல் நுனியில் தெறிக்கிற ஒரு பொறி போதும். பதினைந்து வருடப் பழக்கம். ஜாஸ்பின் விருதுநகரில் நர்ஸ். அதிர்ச்சிக்குப் பிறகு மனிதர்கள் செய்கிற எத்தனையோ காரியங்களைப் பார்த்தவள். தொட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்குள் கிட்டாரைச் சரிசெய்து அவன் மடியில் வைத்துவிட்டால் போதும், விரல்கள் தானாக வாசிக்கும், பழைய மனுஷன் திரும்பி வந்துவிடுவான். இந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் தினமும் பேட்டரி வாங்கினாள்.

சிவகாசியில் ஆடியோ கடை வைத்திருக்கும் அருள்பாண்டிதான் விளக்குகளைப் பொருத்தியவன். போனில் சிரித்தான்.

"ஒயரைக் குத்தினபடி விட்டிருப்பீக அக்கா. ஒயரு உள்ள இருந்தா கிட்டாரு முழிச்சுக்கிட்டே இருக்கும். பேட்டரி எப்படித் தாங்கும்?"

"ஒயரை உருவி ஒரு வாரமாச்சுலே."

"லைட்டு சுவிட்சு?"

"அதையும் ஆஃப் பண்ணித்தான் வச்சிருக்கேன். ஆனா நேத்து விடியக்காலம் பாத்தேன், லேசா எரியுது. ஏறுது, இறங்குது."

"லூஸ் காண்டாக்டு. நாளைக்கு வாறேன். மீன் கொளம்பு வச்சிருங்க."

வந்தான். பின்பக்க மூடியைத் திறந்து, பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை வைத்தான். முள் அசையவில்லை. தட்டினான், குலுக்கினான். பூச்சியம்.

"சொட்டுக் கரண்டு போகலையே அக்கா. நீங்க வாங்குற கடைக்காரரு ஒங்க தலையில பழசைக் கட்டுறாரு."

சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று விளக்குக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் வெட்டி நுனியில் டேப் சுற்றினான். "இனி இது எரியவே எரியாது." விரலைப் பார்த்தவன் முகம் சுளித்தான். நுனியெல்லாம் வெள்ளி நிறத்தில் மினுங்கியது. "கம்பெனி சில்வர் பவுடரு இன்னுமா ஒட்டியிருக்கு? தொடைக்கக் கூடாதா அக்கா?"

அவள் தினமும் துடைத்தாள்.

மறுநாள் காலையிலும் பேட்டரி செத்திருந்தது. ஜெயசுந்தர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், உதடு வெளுத்து. பேட்டரி தீர்ந்த காலைகளிலெல்லாம் அவன் இப்படித்தான் இருக்கிறான் என்பதை அவள் கவனித்திருந்தாள். தூக்கமில்லாததால் என்று எடுத்துக்கொண்டாள். மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஐம்பத்திரண்டு. கை குளிர்ந்திருந்தது. நகக்கண்களில் வெள்ளித்தூள். ஒன்பது வாரமாக அவன் கம்பெனிப் பக்கமே போகவில்லை.

"இன்னைக்குப் பேட்டரியே வேண்டாங்க. கழத்தி வச்சிருவோம். ரெண்டு நாள் சும்மா கிடக்கட்டும்."

அவன் நிமிர்ந்தான். வாரக்கணக்கில் அவள் முகத்தைப் பார்க்காத கண்கள்.

"வெறுமையா விடாத ஜாஸ்பின்."

"ஏன்?"

"அன்னைக்குப் பொன்மணி தகட்டைத் தொடப் போனா. ஆர்டரு நிக்குது, தொட்டுக்கிட்டு நிக்காத, உள்ள போன்னு நாந்தான் வெரட்டுனேன். மத்த மூணு பேரும் உள்ள இருந்தாக." கம்பிகளைப் பார்த்தான். "இப்ப நான் தொட்டாத்தான் சும்மா இருக்காக. அவுகளுக்கு ஏதாவது வேணும். பேட்டரி இருந்தா அதை எடுத்துக்கிடுதாக."

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். உயிரோடு திரும்பி வந்தவன் மேல் வருகிற, யாரிடமும் சொல்ல முடியாத கோபம். நான்கு வீடுகளில் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறார்கள், உனக்குச் சூடாகக் காபி கொடுக்க ஒருத்தி இருக்கிறாள், நீ ஒரு மரக்கட்டையோடு குடும்பம் நடத்துகிறாய். கோபம் வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது. வெட்கத்தை மறைக்க நர்ஸ் குரலில் பேசினாள்.

"லீவு கேட்டிருக்கேன். நாளைக்கு நம்ம டாக்டரைப் பாப்போம். சரியா?"

பழைய பேட்டரியை உருவினாள். அவன் தேடி எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று அலமாரியில் இருந்த புதியதையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

மத்தியானம் இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு ஆமத்தூரில் இறங்கும்போது மழை பிடித்திருந்தது. தெருவில் கரண்ட் இல்லை. ஈரமான கருவேலம் புதர்களின் வாடையும், யார் வீட்டிலோ புகைகிற விறகின் வாடையும் சேர்ந்து வந்தன. வாசலை நெருங்க நெருங்க அவற்றுக்கு அடியிலிருந்து வேறொன்று மூக்கில் ஏறியது. கந்தகம். மழைக்காற்று சிவகாசிப் பக்கமிருந்து வீசுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. சேலை முந்தானை அதைக் காட்டிக்கொண்டிருந்தது.

கதவு சாத்தியிருக்கவில்லை.

"ஏங்க?"

உள்ளே ஒரு ஒலி. வண்டு இரைவதுபோல, தாழ்ந்து, விடாமல். தடித்த கம்பியை யாரோ மெதுவாகத் தடவினால் வருகிற ஒலி.

கூடத்தில் நீல வெளிச்சம்.

ஒயர் வெட்டிய விளக்குகள். பேட்டரி இல்லாத விளக்குகள். நான்கும் எரிந்தன.

ஜெயசுந்தர் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தான். கிட்டார் மடியில். வலது உள்ளங்கை கம்பிகள் மேல் விரித்திருந்தது. தலை நிலையில் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது.

கைப்பை வாசலிலேயே விழுந்தது.

மணிக்கட்டைப் பிடித்தாள். தேடினாள். இல்லை. கழுத்தில் விரல் வைத்தாள். இல்லை. குளிர். மூக்கருகே புறங்கையை வைத்தாள். காற்றில்லை.

ஆனால் விளக்குகள் துடித்தன. ஏறி, இறங்கி. ஏறி, இறங்கி. அவள் மனம் பழக்கத்தில் எண்ணியது. நிமிடத்துக்கு இருபது. பதினெட்டு. கடைசிப் படுக்கைகளின் அருகே நின்று அவள் எண்ணியிருக்கிற எண்கள்.

அவனைத் தரையில் கிடத்த வேண்டும். நெஞ்சை அமுக்க வேண்டும். முதலில் இதை எடுக்க வேண்டும்.

கிட்டாரின் கழுத்தை இடது கையால் பற்றினாள். கம்பிகள் உள்ளங்கையில் பதிந்தன.

அவன் கை நழுவித் தரையில் விழுந்தது.

விளக்குகள் ஒருகணம் அணைந்தன. பிறகு பளீரென்று எரிந்தன. வேகமாக. தொண்ணூற்றாறு. அவள் வலது கை தன் கழுத்து நாடிக்குப் போனது. அங்கேயும் தொண்ணூற்றாறு. ஒரே துடிப்பு.

கையை இழுத்தாள். வரவில்லை. உதறினாள். விரல்கள் அவளுடையவையாக இல்லை. நீல வெளிச்சத்தில் நகங்கள் ஒவ்வொன்றாக வெள்ளியாகிக்கொண்டிருந்தன.

பேட்டரி கைப்பையில் இருந்தது. கைப்பை வாசலில் இருந்தது. மூன்றே எட்டு வைக்கும் தூரம்.

கால் நகரவில்லை.

இரைச்சல் இப்போது நான்காகப் பிரிந்து கேட்டது. நான்கு கம்பிகள். அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. எண்பது. அறுபத்தொன்று.

நாற்பத்தைந்து.

வாசலில் மழை நின்றிருந்தது. கூடத்தில் நீலம் ஏறியது, இறங்கியது, மெதுவாக.