இனிப்படக்கியின் முதல் கவளம்

அரிசியை நிறுப்பதற்கு முன் கையைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். உள்ளங்கை, புறங்கை, நகக்கண். பிறகு இருநூறு கிராம், கூடாமல் குறையாமல். உலை கொதிக்கும்போது பெயரையும் நாள் எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டும். "செங்கமலம், சான்று பெற்ற சமையலாள், தொள்ளாயிரத்து எழுபதாம் நாள்" என்கிற மாதிரி நாள்தோறும் சொல்வேன். மன்னார்குடி வட்டாரத்தில் இப்படிச் சொல்லி அடுப்பு மூட்டும் உரிமை மூன்றே பேருக்குத்தான் உண்டு. பெருமை இல்லை என்றால் அது பொய்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் ஷஹானா வந்து உட்காருவார். நோன்பு மாதத்தில் மட்டும் நேரம் மாலைக்கு மாறும். கூத்தாநல்லூர்ப் பெண், வயது முப்பத்தாறு. நெல்லின் மரபணுவைத் திருத்தி இனிப்படக்கி என்ற புது ரகத்தை உருவாக்கியவர். மத்தியானம் அரைத் தட்டுச் சோறு தின்றால் போதும், சர்க்கரை நோயாளிக்கு ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

ஆனால் ஊர் உண்பதற்கு முன் அவர் உண்ண வேண்டும். முதல் கவளச் சட்டம் வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. ஓர் உயிரின் மரபணுவில் கைவைத்து உணவோ மருந்தோ செய்பவர் ஆயிரம் நாள் அதைத் தானே உண்டு காட்ட வேண்டும். எலிக்குக் கொடுத்தேன், குரங்குக்குக் கொடுத்தேன் என்று தப்ப முடியாது. உருவாக்கியவர் வாயில்தான் முதலில் போக வேண்டும். எத்தனையோ சட்டங்கள் இருக்கின்றன. எனக்குப் புரிந்ததும் பிடித்ததும் இது ஒன்றுதான்.

"இன்னைக்குக் கொஞ்சம் குழைஞ்சிருக்கேக்கா" என்பார் டாக்டரம்மா.

"குழையல. உங்களுக்குப் பசிக்கல" என்பேன் நான்.

சோற்றில் பாதிதான் அவருக்கு உரிய அளவு. மீதியை எரிகலத்தில் போட்டுச் சாம்பலாக்க வேண்டும். சோதனை முடியாத உணவு வேறு யார் வயிற்றுக்கும் போகக் கூடாது. இங்கேதான் நான் தப்புச் செய்தேன். வெள்ளை வெளேரென்ற சோற்றை நெருப்பில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. எரிகலம் எடையைப் பார்க்குமே தவிர, உள்ளே விழுவது என்னவென்று பார்க்காது. அதற்குப் பூசணித் தோலைக் கொடுத்துவிட்டு, சோற்றைத் தூக்குச் சட்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி வைப்பேன். காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாகச் சாப்பிட்டுவிடுவேன். இரண்டே கால் வருஷம் இப்படியே போயிற்று.

பத்து மணி வாக்கில் கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். வெல்லக்கட்டி ஒன்றை வாயில் போட்டால் சரியாகிவிடும். ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு, சான்று பெற்ற மற்ற இருவரில் ஒருவரிடம் அடுப்பை விட்டுவிட்டு, மகள் பிரசவத்துக்காகப் பட்டுக்கோட்டையில் பத்து நாள் இருந்தேன். ஒரு நடுக்கமும் இல்லை. திரும்பி வந்து பழையது சாப்பிட்ட முதல் நாளே வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சுடுசோறு தின்னும் டாக்டரம்மா கல்லுக்குண்டாக இருக்கிறார், ஊறிய சோறு தின்னும் நான் விழுகிறேன். ஊறும்போது சோற்றிலுள்ள மருந்து பெருகி, சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்குகிறது போல. மிச்சத்தை எரிக்கச் சொன்ன சட்டத்தால், இந்தச் சோறு விடியும்வரை தண்ணீரில் கிடந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் பார்க்கவே இல்லை.

சொன்னால் என் சான்று போய்விடும். டாக்டரம்மாவின் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இந்தச் சோற்றை ஒரு வேளைகூட விட முடியாது என்பதற்காகத் தங்கை கல்யாணத்துக்குக்கூடச் சிங்கப்பூர் போகாதவர் அவர். தனியாகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

ஆயிரமாவது நாள் கல்யாண மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. டாக்டரம்மா எல்லார் முன்னிலையிலும் உண்டு முடித்தார். சுகாதார ஆணையர் கோதண்டபாணி ஒலிபெருக்கியில், "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். சட்டப்படி மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றாம் முறை எழுந்து நின்றேன்.

"எனக்கு உண்டுங்க."

பூசணித் தோல் முதல் வாசற்படி வரை எல்லாவற்றையும் சொன்னேன். முன் வரிசையில் ஒரு காலைச் சர்க்கரைக்குப் பறிகொடுத்த பக்கிரிசாமி இருந்தார். அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான்.

"இந்தம்மா திருடித் தின்னதுக்கு நாங்க இன்னும் மூணு வருஷம் கிடந்து சாவணுமா?"

"அண்ணே, நீங்க காலைல என்ன சாப்பிடுவீங்க?"

"பழையதுதான். வேற என்ன?" என்றார்.

"மிச்ச சோத்துல தண்ணி ஊத்தி வைக்கிறவங்க எல்லாரும் கையத் தூக்குங்க" என்றேன். மண்டபம் முழுக்கக் கை எழுந்தது. கடைசியில் ஆணையரும் மெதுவாகத் தன் கையைத் தூக்கினார்.

"பையிலேயே 'ஊறவைக்காதீர்கள்'னு அச்சடிச்சிடலாமே" என்றார் அவர்.

"சட்டம் சொல்லியே என் கை கேக்கலைங்க. பை சொன்னாவா கேக்கும்?"

டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "எத்தனை நாள் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"எண்ணூத்துச் சொச்சம்மா."

"வெல்லம் கையில இல்லாம இருந்திருந்தா?"

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணையர் பக்கம் திரும்பினார். "ஆட்சேபத்த ஏத்துக்கிறேன். என் கணக்க அழிச்சிடுங்க."

திரையில் ஆயிரம் சுழியமாயிற்று. என் சான்றையும் அன்றே பறித்தார்கள். அட்டையைக் கழுத்திலிருந்து நானே கழற்றிக் கொடுத்தேன். அழுகை வந்தது. ஆனால் தலை குனியவில்லை. குனிய வேண்டியது எதையும் அன்றைக்கு நான் செய்யவில்லை.

எட்டு மாதம் கழித்து டாக்டரம்மா என் வீட்டுக்கு வந்தார். ஊறினாலும் மருந்து அளவுக்கு மிஞ்சாதபடி நெல்லை மறுபடி திருத்தியிருந்தார். காலையில் பழையதும் மத்தியானம் சுடுசோறும் என இரண்டையும் அவரோடு நானும் உண்டு பார்க்க வேண்டுமாம். கையில் பதினாறு பக்க ஒப்புதல் படிவம்.

"போன தடவை யாரும் உங்கள கேக்கலக்கா. இந்தத் தடவை கேக்குறேன். வேண்டாம்னா தாராளமா வேண்டாம்னு சொல்லுங்க."

என்னென்ன ஆகலாம் என்று வரிக்கு வரி கேட்டேன். மறைக்காமல் சொன்னார். மூன்று நாள் யோசித்துக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் காலை. நான் சமைத்த அடுக்களையில் யாரோ ஒரு திருவாரூர்க்காரி தன் பெயரை உரக்கச் சொன்னாள். மேசையில் இரண்டு கிண்ணங்களில் பழையது. இரண்டு பேர் கையிலும் சர்க்கரையை நொடிக்கு நொடி பார்க்கும் உணரிப் பட்டை. நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"சாப்பிடுங்கக்கா."

"நீங்க சாப்பிடுங்க. உருவாக்கினவங்கதானே முதல்ல சாப்பிடணும்? சட்டம் எனக்கும் தெரியும்."

டாக்டரம்மா பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே ஷஹானா, அதன் கீழே செங்கமலம். அதை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தேன்.

பிறகு முதல் கவளத்தை எடுத்து உண்டேன். உப்பு போதவில்லை என்று திருவாரூர்க்காரியிடம் சொன்னேன்.