மார்ச்மன்ட் காரின் பேச்சுக்குழாய்

பஃபலோ நகருக்குத் தெற்கே, பனி வேலிக்கம்பங்களின் பாதி உயரத்துக்கு ஏறிக் கிடந்த ஒரு பிப்ரவரி மதியம், வின்னி கெஸ்லர் ஆரின் டாலண்டின் பண்ணைக்கு வந்து சேர்ந்தாள். பழைய கார்கள் ஏலத்துக்கு வரும்போது அவற்றின் வரலாற்றை எழுதிக்கொடுப்பது அவள் தொழில். தாளில் ஆதாரமில்லாத ஒரு வரியைக்கூட இருபத்தாறு வருஷத்தில் அவள் எழுதியதில்லை.

டாலண்டுக்கு எழுபத்துநாலு வயது. இந்தக் குளிர் இனி நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அரிஸோனாவில் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்திருந்தார். கொட்டகைக் கதவை இழுத்துத் திறந்தபடியே சொன்னார்.

"என் பொண்டாட்டி இருந்தவரைக்கும், 'என் சக்களத்தி எப்படி இருக்கா?'ன்னுதான் தினமும் கேப்பா."

உள்ளே நின்றது 1914ஆம் வருஷத்து மார்ச்மன்ட். கருநீல வண்ணத்தில் ஒரு கீறல் இல்லை. பித்தளை விளக்குகளில் வின்னியின் முகம் தெரிந்தது. முன்னால் டிரைவர் இருக்கை. நடுவில் கண்ணாடித் தடுப்பு. பின்னால் சாம்பல் நிறக் கம்பளித் துணி தைத்த சின்ன அறை. எஜமானி பின்னாலிருந்து பேசினால் டிரைவரின் காதோரம் கேட்பதற்காக ஒரு பேச்சுக்குழாய் ஓடியது.

வின்னி குனிந்து பார்த்தாள். கம்பளித் துணியில் ஒரு இழைகூடத் தேயவில்லை.

"பின்னாடி யாருமே உக்காரலையா?"

"அந்த அம்மாவுக்கு அப்புறம் நாலு பேர் கைக்கு வந்திருக்கு. நாலு பேருமே உக்காரல."

வின்னி வண்டியின் ஃபைலைப் பிரித்தாள். முதல் உரிமையாளர், மாவு மில் முதலாளியின் விதவை லவீனியா க்ரேன். 1918 பிப்ரவரியில், பனிப்புயலில் நடுவழியில் நின்றுபோன இதே வண்டிக்குள் விறைத்து இறந்தாள். பிறகு ஒரு டாக்டர், ஒரு மருந்துக் கடைக்காரர், ஒரு பள்ளி ஆசிரியர், கடைசியில் டாலண்ட்.

"அன்னிக்கு வண்டிய ஓட்டினது ஹார்மன் பெல்னு ஒருத்தர்" என்றாள் வின்னி. "உங்க அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரும் பெல் தானே, மிஸ்டர் டாலண்ட்?"

அவர் எண்ணெய் அடுப்பின் திரியைத் தூண்டிவிடப் போய்விட்டார்.

வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ள வின்னி டிரைவர் இருக்கையில் ஏறினாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தும் அங்கே மட்டும் குளிர்ந்தது. ஈரக் கம்பளியின் வாடை. அதற்கடியில், வாடிப்போன வயலட் பூக்களின் வாடை.

பின்னால் ஸ்பிரிங் முனகியது.

திரும்பினாள். யாருமில்லை. ஆனால் நடுக்கண்ணாடியின் அந்தப் பக்கம், ஒரு உள்ளங்கை அளவுக்கு, மூச்சுப்பட்டதுபோல் வெள்ளை படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது.

காதோரம் குழாய் இரைந்தது.

"ஹார்மன்... வந்துட்டியா?"

வின்னியின் கை பேனாவோடு அப்படியே நின்றது. டாலண்ட் ஓடிவந்தார்.

"'இதோ கெளம்பிடலாம் மேடம்'னு சொல்லுங்க" என்றார் கிசுகிசுப்பாக. "சீக்கிரம்! அம்பது வருஷமா நான் அதத்தான் சொல்றேன். எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அதத்தான் சொன்னாங்க. சொன்னா அன்னிக்கு அடங்கிடுவா."

"சொல்லலைன்னா?"

"பள்ளிக்கூட வாத்தியார் ஒரு நாள் சொல்லல. ரெண்டு கையிலயும் விரல் குளிர்ல உறைஞ்சே போச்சு."

கண்ணாடி முழுக்க உறைபனி ஏறியது. வின்னியின் விரல் நுனிகள் மரத்தன. வாயைத் திறந்தாள். அந்தப் பொய் வரவில்லை.

"ஹார்மன் இங்க இல்லீங்க" என்றாள்.



அடுப்பு தானாக அணைந்தது.

"அப்ப நீ யாரு? அவன் எங்க?"

வின்னிக்கு மூச்சு முட்டியது. நெஞ்சுக்குள் யாரோ பனியை அள்ளித் திணித்ததுபோல் இருந்தது. பக்கத்தில் டாலண்ட் தொப்பியைக் கழற்றினார்.  குழாயின் வாயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அவர் வரல மேடம். உதவி கேக்கத்தான் போனார். வழியில சாராயக் கடை அடுப்புப் பக்கம் ஒக்காந்தவர் தூங்கிப்போயிட்டார். விடிஞ்சுதான் வந்தார். சாகறப்ப எங்கம்மாகிட்ட சொன்னதத் தவிர யார்கிட்டயும் அத ஒத்துக்கல. நான் அவரோட பேரன். அதனாலதான் இந்த வண்டிய வாங்கினேன். இவ்வளவு நாளா நானும் பொய்தான் சொன்னேன்."

 பிறகு, மிகக் களைத்த குரல்.

"என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

டாலண்ட் ஞாயிறுதோறும் ஓடவிட்ட எஞ்சின் முதல் தடவையிலேயே உயிர்பெற்றது. வின்னி இறங்கியிருக்கலாம். அந்தக் கிழவரை அதோடு தனியாக அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

இரண்டு மைல். பனி ஒதுக்கிய சாலையில் வண்டி ஊர்ந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. க்ரேன் மாளிகை எப்போதோ எரிந்துபோய், இரண்டு கல்தூண்கள் மட்டும் நின்றன. அவற்றுக்கு நடுவே வண்டியை நிறுத்தினார்.

இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். முதுகை நிமிர்த்தி, முழங்கையை மடக்கி நீட்டினார். அவருடைய தாத்தாவும் இப்படித்தான் நின்றிருப்பார்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. டாலண்டின் கோட்டுக் கை, யாரோ பிடித்து ஊன்றியதுபோல் அழுந்திக் கீழிறங்கியது.

பிறகு மெல்ல மேலே வந்தது.

தூண்களுக்கு அப்பால் பனி மாசில்லாமல் கிடந்தது. காற்றில் வயலட் வாடை கொஞ்ச நேரம் நின்று கரைந்தது.

"போயிட்டாங்க" என்றார் டாலண்ட். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நெசமாவே போயிட்டாங்க, மிஸ் கெஸ்லர்."

பின்கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தவர் சிரிக்கக்கூடச் செய்தார். மகளுக்கு இன்றே போன் பண்ண வேண்டும் என்றார். வண்டியைத் திருப்பினார். வின்னிக்கும் விரல்களில் சூடு திரும்பியிருந்தது.

அப்போது பின்னால் ஸ்பிரிங் முனகியது.

இந்த முறை பாரம் அதிகம்.

பனியில் ரொம்ப தூரம் ஓடிவந்தவனின் மூச்சு குழாயில் இரைந்தது. சாராய நெடி. பிறகு ஒரு ஆண்குரல்.

"மேடம்? நான் வந்துட்டேன், மேடம்..."

கைகள் இருக்கையைத் தடவித் தேடும் ஓசை கேட்டது.

"மேடம்... எங்க போனீங்க?"