நெகட்டிவ்வில் நின்றவள்

மக்டலீன் பென்சிலை அவசரமாகச் சீவினாள். மச்சம் மறுபடியும் வந்துவிட்டது.

மூன்றாவது தடவை.

கண்ணாடி நெகட்டிவ்வில் அது கடுகளவு புள்ளி. பென்சிலால் நிரப்பினால், படத்தில் கன்னம் வழுவழுவென்று விழும். குருநகரில் அண்ணன் சிமியோனின் ஸ்டூடியோவில் எட்டு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. அண்ணன் படம் பிடிப்பான். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் அமர்ந்து, கலியாணப் பெண்களை வெள்ளையாக்குவாள், மெலிய வைப்பாள்.

மணி இரண்டரை. நாலு மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள். தவறினால் மலாயாக் கப்பலுக்கு இன்னும் இரண்டு வாரம்.

“கெதியாய், பிள்ளை.” அளவெட்டியிலிருந்து வந்திருந்த பாலேஸ்வரி மேசையில் ஒரு பத்திரிகையை விரித்தாள். சவுக்கார விளம்பரத்தில் ஒடுங்கிய இடையும் வெளுத்த முகமுமாய் ஒருத்தி சிரித்தாள். “உவளைப் போலை வரவேணும். மாப்பிள்ளை மலாயாவிலை, ஈப்போவிலை ரயில்வேக் கிளாக்கர். மூண்டு பெட்டையளின்ரை படம் போகுதாம். பூசணிக்காய் மாதிரி இருந்தவளை ஒருநேரச் சோத்திலை வைச்சு இவ்வளவுக்குக் கொண்டு வந்தனான். மிச்சத்தை நீர் குறையும்.”

வாங்குப் பலகையில் சாய்ந்திருந்த மகள் மீனாம்பிகை காய்ந்த உதட்டைத் தடவினாள்.

“அக்கா, மச்சத்தை விடுங்கோ. நான் கப்பலாலை இறங்கேக்கை அவர் ஆரைத் தேடுவார்?”

“வாயை மூடடி. தாலியைக் கட்டிப்போட்டு ஆறுதலாய்த் தேடட்டும்.”

மக்டலீன் பென்சிலை எடுத்தாள். மச்சத்தை மீண்டும் நிரப்பினாள்.

அப்போதுதான் மணம் வந்தது. கடற்கரையில் ஒதுங்கி அழுகும் சாதாளைப் பாசியின் மணம். ஜன்னல் சாத்தியிருந்தது.

கண்ணாடி ஈரமாயிருந்தது. துடைத்தாள்.

மறுபடி ஈரம்.

மீனாம்பிகையின் உருவத்துக்குப் பின்னால் ஏதோ வெளுத்துத் தெரிந்தது. நெகட்டிவ்வில் கறுத்தக் கூந்தல் வெள்ளையாகத்தான் தெரியும். நீண்ட கூந்தல். நனைந்து தோளோடு ஒட்டிக் கிடந்தது.

படம் பிடித்தபோது மீனாம்பிகை தனியாகத்தான் இருந்தாள்.

“அம்மா... படத்திலை ரெண்டு பேர்,” என்றாள் மக்டலீன்.

பாலேஸ்வரி குனிந்து பார்த்தாள். “என்ரை பிள்ளை மட்டும்தான் இருக்கிறாள். உமக்கென்ன, வெயில் பிடிச்சிட்டுதோ?”

மீனாம்பிகை தள்ளாடி எழுந்து வந்தாள்.

“இல்லையம்மா. ஒரு அக்கா நிக்கிறா. நாடியிலை, வாய்க்குக் கீழை, பெரிய தழும்பு.”

பென்சில் கீழே விழுந்தது.

“என்ரை தோளிலை கை வைச்சிருக்கிறா,” என்றாள் மீனாம்பிகை மெதுவாக.

“படத்திலையோ?” என்று மக்டலீன் கேட்டாள்.

“இப்பவும்.”

அவளுடைய சட்டையின் தோளில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. நாலு விரல் அகலத்துக்கு.

மக்டலீன் துணியை டர்பன்டைனில் தோய்த்து, கண்ணாடியில் இருந்த பென்சில் கோடு முழுவதையும் ஒரே இழுப்பில் துடைத்தாள். பாலேஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“என்ரை பிள்ளையின்ரை வாழ்வை அழிக்கிறீரே!”

“அழிச்சதைத் திருப்பிக் குடுக்கிறன். கையை விடுங்கோ அம்மா.”

சிமியோன் அப்படியே படத்தை அச்சடித்தான். அகன்ற முகம், கறுத்த நிறம், கண்ணுக்குக் கீழே மச்சம். மீனாம்பிகை மட்டும்தான் அதில் இருந்தாள். மூன்றே முக்கால். இந்தப் படம் போகலாம், இல்லையென்றால் ஒன்றும் போகாது.

“இதைப் பாத்து எவன் வருவான்?” என்று பாலேஸ்வரி விம்மினாள்.

“வந்தால் எனக்காக வரட்டும், அம்மா.” மீனாம்பிகை உறையை இழுத்துத் தானே விலாசத்தை எழுதினாள். சிமியோன் சைக்கிளில் பறந்தான். பாலேஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

உள்ளே, சுவரோரம் சாய்த்துவைத்த நெகட்டிவ்விலிருந்து இன்னமும் நீர் சொட்டியது. மீனாம்பிகை ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

வெளுத்த கூந்தல் கண்ணாடியை விட்டுப் போகவில்லை.

“ஆரக்கா அவா?”

“என்ரை அக்கா, கத்தரீனா. பினாங்குத் துறைமுகத்திலை மாப்பிள்ளை படத்தோடை காத்துக்கொண்டு நிண்டவராம். அவள் முன்னாலை போய் நிண்டும், ‘இது வேறை ஆள், ஏமாத்திப்போட்டினம்’ எண்டு விட்டிட்டுப் போட்டார். திரும்பி வந்த கப்பலிலை அவளின்ரை பெட்டி மட்டும்தான் வந்தது.”

“கப்பலிலை காய்ச்சல் வந்து செத்தவாவோ?”

“ஊருக்கு அப்பிடித்தான் சொன்னனாங்கள். கடலிலை குதிச்சவள்.” மக்டலீன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். “தழும்பை விடடி எண்டு கெஞ்சினவள். நான் முதல் முதல் பென்சில் பிடிச்சது அவளின்ரை முகத்திலைதான்.”