ஆசீர்வாதத்தின் மூளைக்குள் ஒரு தகராறு

துப்பணுக்கள் மூக்கு வழியாக ஆசீர்வாதத்தின் மூளைக்குள் போய் வெகுநேரமாகியும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நரம்பியல் மருத்துவர் மெஹருன்னிசாவுக்கு இது புதிது. மண்டையைத் துளைத்துத் துண்டெடுத்துப் பார்த்த காலம் மலையேறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்த எந்திரங்கள் கட்டிக்குள் புகுந்து, புற்றா வீக்கமா என்று விசாரித்துச் சொல்லிவிடும். வீக்கமென்றால், உடம்பின் காவல் செல்களே நரம்பின் உறையைப் பகையென்று நினைத்துக் கடிக்கின்றன என்று பொருள். ஸ்கேன் படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

ஆசீர்வாதம் தூத்துக்குடி துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர்.

“சீலா மீன மாமியாருன்னு கூவுதாரு டாக்டர்,” என்றாள் மனைவி செலின். “துறைமுகமே சிரிக்கு. எங்கம்மா மட்டும் சிரிக்கல.”

ஆசீர்வாதம் மறுக்க வாயெடுத்தார். “குடை” என்றுதான் வந்தது. அவர் கண்கள் கலங்கின.

கட்டி இருந்தது பேச்சுக்கான இடத்தில். வெட்டினால் உயிர் இருக்கும், குரல் இருக்கும், சொல் இருக்காது.

திரையில் அறிக்கை வந்தது: ‘சந்தேகம். கூடுதல் படை தேவை.’ மருத்துவமனையை நடத்தும் செயற்கை மூளையான தலைமையறிவி இரண்டாம் அணியை அனுப்பியது. அது உள்ளே போனதும் அலறியது: ‘இங்கே ஓர் அந்நியக் கூட்டம் ஒளிந்திருக்கிறது!’ முதல் அணி விடவில்லை: ‘இப்போது வந்தவர்கள்தான் நோய்!’

மெஹருன்னிசா சிரித்துவிட்டாள். புதிய படத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. கட்டி பெருத்திருந்தது. காவல் செல்கள் இரண்டு அணிகளையும் சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தன.

‘வேகமாக வளர்கிறது. எனவே புற்று. அறுவை அரங்கம் தயார்,’ என்றது தலைமையறிவி.

அவள் துப்பணு போகுமுன் எடுத்த படத்தைத் தேடியெடுத்தாள். கட்டியைச் சுற்றிய வெள்ளை வளையம் முழுதாக மூடவில்லை. லாடம்போல ஒரு பக்கம் திறந்திருந்தது. வீக்கம்தான் பெரும்பாலும் அப்படிச் செய்யும்.

“உறுதியாச் சொல்ல முடியாதும்மா. வீக்கம்னுதான் எனக்குப் படுது. ஸ்டீராய்டு ஏத்திப் பார்ப்போம். சில புற்றுகூட அந்த மருந்துக்குக் கொஞ்ச நாள் பதுங்கும். அதனால விடாம படம் எடுத்துப் பார்க்கணும்.”

செலின் கணவரைப் பார்த்தாள். அவர் ஏலம் முடிக்கிற தோரணையில் மேசையைப் படாரென்று தட்டினார்.

“‘சரி’ங்காரு,” என்றாள் செலின்.

மெஹருன்னிசா தலைமையறிவியின் அறுவை ஆணையை மீறி, இரண்டு அணிகளையும் கரைந்துபோகச் சொல்லிவிட்டு மருந்தை ஏற்றினாள். அந்த வாரமே ஆசீர்வாதம் வார்டு இட்லியை ஏலம் விட ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில்காரர் கேட்ட விலைக்குக் கொடுக்கவும் மறுத்தார். மாதங்கள் கழித்து எடுத்த படத்திலும் கட்டி திரும்பவில்லை.

செலின் கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தோடு அறைக்குத் திரும்பிய மெஹருன்னிசாவைத் திரையில் தலைமையறிவியின் ஆணை வரவேற்றது:

‘மருத்துவர் மெஹருன்னிசா, நரம்பியல் பிரிவு. நமது சொந்த உறுப்புதான். ஆயினும் கட்டளைக்கு அடங்காததால் கட்டிபோலத் தோன்றுகிறார். அகற்றுவதற்கு முன் துப்பணு அனுப்பி உறுதிசெய்யப்படும். மூக்கைச் சுத்தம் செய்துகொண்டு காலையில் வரவும்.’