பகல் கரண்ட்

"ஐயோ...!"

மங்களத்தின் அலறல் தோட்டத்து லயத்தின் கடைசி வீடு வரை கேட்டது.

காலையில் செம்பனைக் காட்டுக்கு வேலைக்குப் போனவள், அப்படியே சுங்காய் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். பொழுது சாய்ந்திருந்தது. வீட்டுக்குள் டிவி எரிந்தது. டிவி கேமின் கீச்சுக் குரல் இசை... ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லித் திரை மினுக்கிக்கொண்டிருந்தது.

தொடங்கத்தான் யாரும் பொத்தானை அழுத்தவில்லை!

டிவிக்கு முன்னால், சுவரில் சாய்ந்தபடி உடையப்பன். ஈப்போவில் கடை வைத்துப் பேராக் மாநிலம் முழுவதற்கும் டிவி கேம் செட் அனுப்புகிறவர். மங்களத்தின் கணவன் சீனிக்கு முதலாளி.

"வாங்க தௌக்கே... எப்ப வந்தீங்க? அவரு இன்னும் வரலையே..."

பையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே போனாள்.

"தௌக்கே...?"

தோளைத் தொட்டாள்.

பளீர்!

மின்சாரம் அவளைத் தூக்கி வாசலோரம் எறிந்தது. உடையப்பன் மெல்லச் சரிந்தார். கையில் விளையாட்டுக் கைப்பிடி. அதன் உலோகத் தகட்டில் கருகிய விரல்கள்...

அப்போதுதான் அலறினாள்.

*

ஈப்போ. போலிஸ் லோக்காப்.

"சொல்லுடா சீனி. கைப்பிடித் தகட்டுக்குக் கரண்ட் குடுத்தது யாரு?"

கேட்டது சார்ஜன் பத்துமலை.

"எனக்குத் தெரியாதுண்ணே..."

"ஜப்பான் செட்டை நம்ம டிவியில ஓட வைக்கிற ஆளு இந்தப் பேராக்ல எத்தனை பேரு?"

சீனி தலையைக் குனிந்துகொண்டான்.

ஜப்பான்காரன் இந்தச் சின்ன நாட்டை நினைத்துச் செட் செய்யவில்லை. அங்கிருந்து வருவது இங்குள்ள டிவியில் வெறும் கோடாக ஓடும். கரண்டும் வேறு அளவு. சீனி பிரித்து, மாற்றி, ஈயம் வைத்த பிறகுதான் படம் வரும். தீபாவளி நெருங்க நெருங்கத் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளனுப்பிக் கேட்டார்கள். அவன் கைக்கு அப்படி ஒரு பேர்.

அந்தப் பேர்தான் இப்போது கழுத்தை இறுக்கியது!

"போன வாரம் கடையில ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க. உண்மையா?"

"உண்மைதான். படகுல வர்ற செட்டை நிறுத்தப் போறேன்னாரு. லைசென்ஸ் எடுத்து நேர்வழியில கொண்டாரப் போறாராம். அப்படி வந்தா நம்ம டிவிக்குத் தகுந்த மாதிரியே வந்துரும். எனக்கு வேலையே இருக்காது. அதான் கத்திட்டேன்..."

"அடடா! கொலைக்குக் காரணத்தையும் நீயே எடுத்துக் குடுக்கிற. ரொம்ப நல்லவன் லா நீ!"

"அண்ணே...!"

"நேத்து மத்தியானம் எங்க இருந்த?"

"ஹுத்தான் மெலிந்தாங் படகுத் துறையில. படகுல வந்த பெட்டி எடுக்கப் போனேன்."

"யாரு சாட்சி? கள்ளச் சாமான் இறக்குனவன் போலிஸ் பாலாய்க்கு வந்து சத்தியம் பண்ணுவானா?"

மாட்டான். சீனிக்கும் அது தெரியும்.

"மத்தியானம் செத்திருக்காரு. கரண்ட் அடிச்சுச் செத்திருக்காரு. டாக்டர் சொல்லிட்டாரு. உன் வீடு... உன் செட்டு... அப்புறம் வேற யாரைத் தேடச் சொல்ற?"

கம்பிக் கதவு அறைந்து மூடியது.

சீனி கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

*

"தம்பி, நான் தியாகராஜா. லாயர். பேப்பரில பாத்தன். உமக்காக நான் நிக்கிறன். காசு வேண்டாம்."

தங்க பிரேம் கண்ணாடி. கனிவான குரல். சீனிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் கொல்லல சார்!"

"தெரியும். அழாமல் சொல்லும். உம்மட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

சீனி கம்பிக்கு அருகில் வந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கண்டுபிடித்தது அது!

"சார்... தௌக்கே அந்த வீட்ல சாகவே இல்ல சார்!"

"என்ன சொல்லுறீர்?"

"எங்க தோட்டத்துல பகல்ல ஏது சார் கரண்ட்? ஆபீஸ் ஜெனரேட்டரைச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் போடுவாங்க. அதுவரைக்கும் லயத்துல ஒரு பல்பு எரியாது. மத்தியானம் அவருக்கு எப்படிக் கரண்ட் அடிக்கும்?"

லாயர் அசையவில்லை.

"வேற எங்கயோ கொன்னுட்டு, லயத்துல ஆளில்லாத நேரமாப் பார்த்துக் கொண்டாந்து உட்கார வச்சிருக்கான் சார். சுவிட்சு எல்லாத்தையும் போட்டுட்டுப் போயிட்டான். ஆறு மணிக்குக் கரண்ட் வந்ததும் டிவி தானா எரிஞ்சிருக்கு. எம் பொஞ்சாதிக்கும் அடிச்சிருக்கு. இதைச் செஞ்சவன் டவுன்காரன் சார்! தோட்டத்துக்காரனுக்கு இது தெரியாமப் போகாது!"

தியாகராஜா தன்னை மறந்து தலையாட்டினார்.

"அதுதானே... நான் சுவிட்சைப் போட்டும் டிவி வரேல்லை..."



மேலே காற்றாடி மட்டும் கடகடத்தது.

சீனி மெல்லக் கேட்டான்.

"யாரு... சுவிட்சைப் போட்டும்... சார்?"

லாயர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நிதானமாக மாட்டிக்கொண்டார். குரல் மட்டும் தாழ்ந்தது.

"படகு ஆற்ற எண்டு நினைச்சீர்? என்ர படகுதான். உடையப்பனுக்குத் திடீரெண்டு நேர்மை வந்திட்டுது. லைசென்ஸ் கேட்டுக் கஸ்டம்ஸுக்குப் போனால் என்ர பேரும் வந்திருக்கும்."

"சார்...!"

"புதுச் செட் ஒண்டு பாரும் எண்டு என்ர ஆபீசுக்குக் கூப்பிட்டன். ஆசையாக் கையில எடுத்தான். பாவம்... ஆட்டம் தொடங்கவே இல்லை."

"அண்ணே! சார்ஜன் அண்ணே! ஓடியாங்க!"

பத்துமலை ஓடி வந்தார்.

"இந்த லாயர்தான்ண்ணே கொன்னது! இப்ப அவர் வாயாலயே சொன்னாரு! எங்க லயத்துல பகல்ல கரண்ட் கிடையாதுண்ணே... தோட்டத்துல போய்க் கேளுங்க!"

பத்துமலை லாயரைப் பார்த்தார். லாயர் வருத்தத்தோடு தலையசைத்தார்.

"பயத்தில பிதற்றுகிறான் சார்ஜன். எண்டாலும் அவன் சொல்லுற கரண்ட் விசயத்தை விசாரியுங்கோ. அது உங்கட கடமை."

"விசாரிச்சாச்சு சார். தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்டக் கேட்டோம். பகல்ல லயத்துக்குக் கரண்ட் கிடையாது. சரிதான்."

சீனியின் முகம் மலர்ந்தது!

"பாத்தீங்களாண்ணே!"

"பாத்தேன் லா. அவசரத் தீபாவளி வேலைக்குன்னு உன் வீட்டுப் பின்னால குட்டி ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கியே... அதையும் பாத்தேன். அது என்ன, பிள்ளையாரா? சுத்திக் கும்பிடவா வாங்கின?"

சீனி கம்பியை எட்டிப் பிடித்தான்.

"அண்ணே... அதுல எண்ணெய் இல்லண்ணே! ஒரு வாரமா ஓட்டலண்ணே!"

"யாரு சாட்சி? உன் பொஞ்சாதியா?"

சீனி கம்பியில் நெற்றியை முட்டினான்.

"அந்தத் தோட்டத்துலயே பகல்ல கரண்ட் வச்சிருக்கிறவன் நீ ஒருத்தன்தான். இவ்வளவு நேரம் நீ எனக்குச் சொன்னது அதைத்தான்!"

சிரித்தபடி பத்துமலை திரும்பி நடந்தார். பூட்ஸ் சத்தம் தேய்ந்தது.

சீனி கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"எனக்கு... வேற லாயர் வேணும்..."

தியாகராஜா கோட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். கம்பி வழியாகக் கையை விட்டு அவன் தோளைத் தட்டினார்.

"விசர்க்கதை கதையாதையும் தம்பி. நீர் நிரபராதி எண்டு நூறு வீதம் நிச்சயமாத் தெரிஞ்ச லாயர், உமக்கு வேற எங்க கிடைப்பான்?"